எத்தனை மணிக்கு?

மறதிக்கு வைத்தியம் நம் வீடுகளில் என்றைக்கும் உண்டு. முந்தானையில் ஒரு முடிச்சு, தினசரிக் காலண்டர் தாளில் ஒரு கிறுக்கல், உள்ளங்கையில் பேனா எழுத்து, வாசற்படியில் காலில் இடறும்படி வைத்த காலி எண்ணெய்த் தூக்கு. முந்தானை முடிச்சில் மட்டும் ஒரு சிக்கல். எதையோ மறக்கக் கூடாது என்று சொல்லுமே தவிர, எதை என்று சொல்லாது. கல்யாண மண்டபத்தில் முடிச்சைக் கையில் பிடித்தபடி விட்டத்தைப் பார்த்து நின்ற சித்திமார்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் மறதிக்கு மனைவி கண்ட வைத்தியம், குரலால் இயங்கும் ஒரு நினைவூட்டுச் செயலி. "டைப் அடிக்கத்தானே சோம்பலா இருக்குன்னீங்க? இனிமே வாயைத் திறந்தா போதும்" என்று போனில் போட்டுக் கொடுத்தாள். அந்த ஒரு உறுப்பு விஷயத்தில் எனக்குச் சோம்பல் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கரண்ட் பில் கட்ட வேண்டும் என்று சொன்னேன். வானொலியில் செய்தி வாசிப்பது போன்ற ஒரு பெண் குரல், "நினைவூட்டல் சேமிக்கப்பட்டது" என்றது. அதைக் கேட்டதும் பில்லையே கட்டிவிட்ட நிம்மதி.

அந்த நிம்மதிதான் வினை. ப்ளூமா ஸெய்கார்னிக் என்ற உளவியலாளர் 1927-ல் பெர்லினில் இருந்தபோது ஓர் ஆய்வு வெளியிட்டார். முடித்த வேலையைவிட முடிக்காமல் பாதியில் விட்ட வேலைதான் மனத்தில் தங்கும் என்றது அது. ஓட்டல் சர்வர்களைக் கவனித்ததில் கிளம்பிய யோசனை என்பார்கள். நம்மூர் ஓட்டலிலும் பார்க்கலாம். எட்டுப் பேர் மாற்றி மாற்றிச் சொன்னதையெல்லாம் சர்வர் ஒரே மூச்சில் ஒப்பிப்பார். பில் போட்ட மறு நிமிடம் நாம் யாரென்றே அவருக்குத் தெரியாது. பிறகு 2011-ல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். வேலையை முடிக்கக்கூட வேண்டாம், எப்போது எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டுவிட்டாலே மனம் அதை விட்டுவிடுமாம். அதே ஆண்டு அக்டோபரில்தான் ஐபோன் 4எஸ்ஸில் சிரி என்ற குரல் உதவியாளர் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, என் மூளையைப் பொறுத்தவரை ஆய்வு அட்சரம் பிசகவில்லை. முன்பெல்லாம் கட்டாத கரண்ட் பில் வாரம் முழுக்க நெஞ்சை அரிக்கும். இப்போது பில்லும் கட்டுவதில்லை, அரிப்பும் இல்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு அதே குரல், அதே நிதானத்தோடு, கூடம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தது: "கரண்ட் பில்லு ஏய் அந்தப் பூனைய வெரட்டு பால்ல வாய வைக்குது கட்டணும்."

இதற்குக் காரணம் இருக்கிறது. நாம் பேசி முடித்துவிட்டோம் என்பதை இந்தச் செயலிகள் மௌனத்தை வைத்துத்தான் கணிக்கின்றன. கொஞ்ச நேரம் சத்தமில்லை என்றால் முற்றுப்புள்ளி. எங்கள் வீட்டில் அதற்கு மௌனம் எங்கே கிடைக்கும்? மிக்ஸி நின்றால் டிவி, டிவி நின்றால் அம்மா. யார் எனக்குச் சொல்கிறார்கள், யார் பூனைக்குச் சொல்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க அது என்ன, சதாவதானியா? கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா ஹாலில் நூறு விஷயங்களில் ஒரே சமயம் கவனம் வைத்துச் சதாவதானம் செய்து காட்டினார். அவதானம் என்றால் ஒரு பக்கம் மணியோசையை எண்ண வேண்டும், முதுகில் விழும் பொருளை எண்ண வேண்டும், கேட்ட ஈற்றடிக்கு வெண்பா பாட வேண்டும், எதுவும் எதோடும் கலக்கக் கூடாது. என் போனில் ஒரு பில்லும் ஒரு பூனையும் கலந்துவிட்டன.

நேர்மாறானவர் என் சித்தப்பா. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்ளும் ரகம். அவர் "நாளைக்கு..." என்று ஆரம்பித்து சுண்ணாம்பு தடவுவதற்குள் செயலி சேமித்து முடித்துவிட்டது. மறுநாள் காலை அது அவரிடம் மிகுந்த மரியாதையோடு "நாளைக்கு" என்றது.

ஆனாலும் காது விஷயத்தில் அதைக் குறை சொல்ல மாட்டேன். கூகுளின் குரல் உள்ளீட்டில் தமிழ் சேர்ந்ததே 2017 ஆகஸ்டில்தான். அதற்குள் இவ்வளவு கேட்கப் பழகியிருப்பது பெரிய விஷயம். அதற்கும் நமக்கும் ஒத்துவராதது நேரம்தான். எதைச் சொன்னாலும் "எத்தனை மணிக்கு?" என்கிறது.

அம்மா அதனிடம், "பூக்காரம்மா வந்ததும் பழைய பாக்கிய ஞாபகப்படுத்து" என்றாள்.

"எத்தனை மணிக்கு?"

"அவ வர்றப்ப."

"மன்னிக்கவும், நேரம் புரியவில்லை."

"இதுக்கு மணி பாக்கவே தெரியலடா" என்று அம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அம்மா பக்கம்தான் நியாயம் என்பது என் கட்சி. விளக்கு வைக்கிற நேரம், மழை விட்டதும், மூன்றாவது விசிலுக்கு, சீரியல் முடிந்ததும், ராகு காலம் கழிந்ததும் என்று ஒரு குடும்பமே கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு என்பது பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் பாட்டிக்குத் தெரியும். இனிமேல் செய்ய வேண்டியதை மறக்காமல் வைக்கும் ஞாபகத்தை உளவியல்காரர்களும் இரண்டாகத்தான் பிரிக்கிறார்கள்: மணி பார்த்துச் செய்வது ஒன்று, ஒரு சம்பவத்தைப் பார்த்துச் செய்வது மற்றொன்று. 1990-ல் ஐன்ஸ்டைனும் மெக்டேனியலும் சோதித்தபோது, சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு ஞாபகம் வைப்பதில் வயதானவர்கள் இளைஞர்களுக்குச் சளைக்கவில்லை. இவர் வேறு ஐன்ஸ்டைன். ஆனால் அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை.

செயலிக்காரர்களும் யோசித்திருக்கிறார்கள். மணி வேண்டாமா, இடத்தைச் சொல் என்று ஒரு வசதி. மளிகைக் கடையை வரைபடத்தில் குறித்துவிட்டால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொள்ளும். அந்த வட்டத்துக்குள் போன் நுழைந்தால் குரல் கொடுக்கும். பெருங்காயத்தைச் சொல்லி வைத்தேன். கடை எங்கள் வீட்டுக்கு நாலாவது கட்டடம். வட்டத்துக்குள் என் வீடும் அடக்கம். வேலைக்குப் போய்த் திரும்பினாலும், கோயிலுக்குப் போய்த் திரும்பினாலும், தெருமுனையில் "பெருங்காயம் வாங்க வேண்டும்". வாங்கியாயிற்று என்று திரையில் தொட்டுச் சொன்னால்தான் அடங்கும். பெருங்காயம் வாங்க ஞாபகப்படுத்தும் செயலி, தொடுவதற்கு ஞாபகப்படுத்தாது. சமையலறை அலமாரியில் இப்போது மஞ்சள் டப்பாக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ரசத்தின் வாசனை பக்கத்து வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வருகிறது.

இதெல்லாம் போகட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரிலிருந்து பெரிய மாமா வந்திருந்தார். டீப்பாயில் அவர் காபிக்காக நாங்கள் ஒதுக்கி வைத்த இடத்துக்குப் பக்கத்தில் போன் கிடந்தது. நலம் விசாரிப்பு முடிந்து, தென்னைக்கு வந்த வெள்ளை ஈயைப் பற்றி மாமா சொல்லிக்கொண்டிருந்தபோது அது பேசியது.

"பெரிய மாமாகிட்ட அந்த அஞ்சாயிரத்த இந்தத் தடவையாவது கேட்டே ஆகணும்."

என் மனைவி "பால் பொங்குது" என்று உள்ளே ஓடினாள். அடுப்பில் பால் இல்லை. நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அது கவிழ்ந்தபடியே இன்னொரு தடவை சொன்னது.

மாமா அசரவில்லை. போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தமிழ்லயே பேசுதே மாப்ளே! நாம சொன்னா எழுதி வச்சுக்குமா? எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு."

அவருடைய போனில் போட்டுக் கொடுத்தேன். வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வரப்பின் அந்தக் கோடியில் நிற்கும் ஆளைக் கூப்பிடுகிற குரலில், "மாப்ளைக்கு அஞ்சாயிரம் குடுக்கணும்!" என்றார்.

"எத்தனை மணிக்கு நினைவூட்ட வேண்டும்?"

மாமா என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

"அறுப்பு முடிஞ்சதும்."

"மன்னிக்கவும், நேரம் புரியவில்லை."

"பாத்தியா, அதுக்கே புரியல" என்று போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "காபிக்குச் சக்கரை கம்மியாப் போடும்மா!"