இரண்டரை மில்லிமீட்டர் வேதாந்தம்

ஆத்மரட்சணார்த்தமாகக் கைத்துப்பாக்கி வாங்கப் புறப்படும் அமெரிக்கக் குடும்பஸ்தர், 9 மில்லிமீட்டர் குண்டா, 45 காலிபர் குண்டா என்ற வினாவில் அகப்பட்டுக்கொண்டாரானால், துவைதிகளும் அத்வைதிகளும் செய்துகொண்ட வாதப் பிரதிவாதங்களெல்லாம் வெறும் திண்ணைப் பேச்சாகிவிடும். இத்தனைக்கும் அவ்விரண்டின் விட்டத்துக்கும் உள்ள பேதம் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர், ஒரு கொத்தமல்லி விதையின் பருமன்கூட இல்லை.

பிலிப்பைன்ஸ் யுத்தத்தில் அமெரிக்கரை எதிர்த்த மோரோ இன வீரர்கள் 38 காலிபர் குண்டுகளை ஏற்றுக்கொண்ட பிறகும் மரியாதைக்குக்கூட விழாமல் மேலே பாய்ந்து வந்தார்கள் என்னும் விசனத்தால், 1904-இல் தாம்ஸன், லகார்ட் என்ற இரு அமெரிக்க ராணுவ அதிகாரிகள் சிகாகோ நகரத்துக் கசாப்புக் கொட்டில்களில் மாடுகளையும், அது போதாதென்று மனிதப் பிரேதங்களையும் சுட்டுப் பரீட்சித்து, 45-க்குக் குறைந்தது உதவாதென்று தீர்ப்பளித்தனர். மாடுகளின் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை.

1985-இல் அதே ராணுவம் 9-க்கு மாறிற்று. மறு வருஷம் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் மாண்டுபோக, பழி அந்த 9-இன் தலையில் விழுந்தது. 10 மில்லிமீட்டர் வந்தது, அதன் உதைப்பு பலருக்குத் தாங்கவில்லை. 40 காலிபர் வந்தது. கடைசியில் 2010-களில் எஃப்.பி.ஐ. ஸ்தாபனம் 9-க்கே திரும்பிவிட்டது. காவலர் சுடும் குண்டுகளில் பெரும்பாலானவை இலக்கைத் தொடுவதே இல்லை என்பதும் அதற்கு அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. நமது குடும்பஸ்தரோ இதையெல்லாம் சிரத்தையோடு கேட்டுத் தலையசைத்துவிட்டு, இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்.