மண்ணுக்குள் கார்பன்

கேள்வி: விமானத்தில் பறந்துகொண்டே மண்ணிலுள்ள கார்பனை அளக்கிறார்களாமே! கார்பன் கதிர் வீசுகிறதா என்ன?

பதில்: வீசுவது கார்பன் அல்ல, அடியிலுள்ள பாறை. கார்பன் நிறைந்த மண் அதை மறைக்கிறது! பாறையில் இயற்கையாகவே இருக்கும் பொட்டாசியம்-40, யுரேனியம், தோரியம் குடும்பத்து அணுக்கள் காமா கதிர்களை வெளியிடுகின்றன. அவை திடீரென மங்கும் இடத்தில் நடுவே ஏதோ தடுக்கிறது. அயர்லாந்து போன்ற குளிர் நாடுகளில் அது பெரும்பாலும் பீட் மண்: அரைகுறையாக மட்கிய தாவரங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீரில் ஊறிச் சேர்ந்தது. அதன் எடையில் பெரும்பங்கு தண்ணீர். கதிரை விழுங்குவதும் முக்கியமாக அந்தத் தண்ணீர்தான்.

வட அயர்லாந்தின் 'டெல்லஸ்' ஆய்வில், 2005-06இல், விமானம் சுமார் 56 மீட்டர் உயரத்தில், 200 மீட்டர் இடைவெளியில் கோடு கோடாகப் பறந்து இதைப் பதிவு செய்தது. வரைபடத்தில் பீட் நிலங்கள் இருண்ட திட்டுகளாகத் தெரிகின்றன.

ஆழம்? அரை மீட்டரைத் தாண்டினால் கதிர் ஏறக்குறைய அடங்கிவிடும். ஒரு மீட்டரா, ஐந்து மீட்டரா என்று அறியக் கம்பியை இறக்கித்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் எல்லை தெரிவதே பெரிய உதவி. உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள பீட் நிலங்கள், மண்ணிலுள்ள கார்பனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கின்றன.