காப்புறுதி மாமா

இலண்டன் தமிழரிடையே பகுதிக்கு ஒரு காப்புறுதி மாமா இருப்பார். ஹாரோவில் ஒருவர், ஈஸ்ட் ஹாமில் ஒருவர், டூட்டிங்கில் இரண்டு பேர். வீட்டுக்குக் காப்புறுதி, வீட்டுச் சாமானுக்குத் தனிக் காப்புறுதி, காருக்கு, கார்த் திறப்புக்கு, பொயிலருக்கு, போனுக்கு. வோஷிங் மெஷின் வாங்கப் போனால், கடைக்காரன் வாய் திறக்க முன்னமே ஐந்து வருட உத்தரவாதத்தைத் தானே கேட்டு வாங்குவார். பத்திரங்கள் எல்லாம் திகதிவாரியாக ஒரு கறுப்பு ஃபைலில் இருக்கும். அவற்றின் பொடி எழுத்து அவருக்குத் தேவாரம் மாதிரி மனப்பாடம். சாமத்தியவீட்டில் சாப்பாட்டுக் கோப்பையோடு வரிசையில் நிற்கும்போதும், "வெள்ளம் எண்டு போட்டிருக்கிறான். ஆனா குழாய் வெடிச்சு வாற தண்ணியை அதுக்குள்ள சேர்க்கேல்லை, கவனிச்சனீரோ?" என்று முன்னுக்கு நிற்பவரைப் பிடித்துக்கொள்வார்.

இப்பேர்ப்பட்டவரிடம் மகள் ஒருநாள், "அப்பா, யூகாஸில இன்சூரன்ஸ் சாய்ஸ் போடோணும்" என்று வந்து நிற்கிறாள்.

விஷயம் சிக்கலானதல்ல. யூகாஸ் என்ற பல்கலைக்கழக விண்ணப்ப அமைப்பின் வழியாக ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். பதில்கள் வந்தபின், வழக்கமாக ஜூன் தொடக்கத்துக்குள், இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிட வேண்டும். முதலாவது 'ஃபேர்ம்', இரண்டாவது 'இன்சூரன்ஸ்'. ஃபேர்ம் கேட்ட பெறுபேறு வந்துவிட்டால் இடம் அங்கேதான். இன்சூரன்ஸ் தானாகவே விழுந்துவிடும். ஃபேர்ம் கைவிட்டால்தான் இன்சூரன்ஸுக்கு வேலை. ஆகவே பள்ளிக்கூடத்தில் திருப்பித் திருப்பிச் சொல்வது ஒன்றுதான்: இரண்டாவது, முதலாவதைவிடக் குறைவாகக் கேட்கும் இடமாக இருக்கட்டும்.

மகளுக்குப் பொருளியல். வாரிக் பல்கலைக்கழகம் ஏ லெவலில் கேட்டது ஏ ஸ்டார், ஏ, ஏ. டராம் கேட்டதும் அதேதான். இன்னொரு இடம் ஏ, பி, பி போதும் என்றது. அந்த இடத்தின் பெயரை மாமா உச்சரிப்பதில்லை. வீட்டில் அதற்கு 'அந்த மற்றது' என்று பெயர்.

மேசையில் புட்டு ஆறிக்கொண்டிருந்தது.

"அப்பா, ரெண்டும் ஒரே கிரேட் கேக்குது. வாரிக் மறுத்தா டராமும் மறுக்கும்."

"ஏன் மறுக்குது? அது வேற கம்பஸ்தானே."

"என்ர ரிசல்ட் ஒண்டுதானே அப்பா!"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப உனக்கு ஏ ஸ்டார் வராதெண்டு சொல்லுறியோ?"

"வீடு எரியுமெண்டே நீங்கள் காப்புறுதி எடுத்தனீங்கள்?"

"அது வேற. புட்டைச் சாப்பிடு."

ஒரே கிளையில் கட்டிய இரண்டு ஊஞ்சல் என்பது அவருக்கு விளங்காமல் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியோடு வளர்ந்த மனுசன் அவர். இரண்டு புள்ளியால் கம்பஸ் தவறியவர்களின் பெயரும் வீட்டிலக்கமும் இன்றைக்கும் சொல்லுவார். போதாததற்குக் கட்டணக் கணக்கு வேறு. 2025இல் இங்கிலாந்தில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு உச்சக் கட்டணம் 9,535 பவுண். அநேகமாக எல்லாப் பல்கலைக்கழகமும் அந்த உச்சத்தைத்தான் வாங்கியது. "ஒரே காசு. பிறகேன் குறைஞ்ச சாமான்?" இதற்குப் பதில் சொல்ல மகளுக்குத் தெரியவில்லை.

உண்மையான காரணம் வேறு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் தகப்பன்மார், "ஃபேர்ம் எது?" என்பதோடு விடமாட்டார்கள், "இன்சூரன்ஸ் எது?" என்றும் கேட்பார்கள். அந்த இடத்தில் "வாரிக், டராம்" என்று ஒரே மூச்சில் சொல்லும்போது வரும் சுகம் ஏ, பி, பியில் கிடைக்குமா? டராம் 1832இல் தொடங்கியது என்பதை மாமா மறக்காமல் சேர்த்துக்கொள்வார். வாரிக் 1965இல் தொடங்கியது என்பதையும், அது வாரிக் நகரத்தில் இல்லாமல் கொவென்ட்ரி ஓரத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லமாட்டார்.

ஒரே பெறுபேறு கேட்கும் இரண்டு இடங்களுக்குள்ளும் வித்தியாசம் தேடலாம். ஏ ஸ்டார் கணிதத்தில்தான் வேண்டுமா, எதில் வந்தாலும் சரியா? தனி ஆய்வுத் திட்டம் செய்த பிள்ளைக்கு ஒரு கிரேட் குறைத்துக் கேட்கும் வழக்கம் உண்டா? மயிரிழையில் தவறியவர்களைப் போன வருடங்களில் சேர்த்தார்களா? இன்சூரன்ஸாக வரும் பிள்ளைக்கு விடுதி அறை நிச்சயமா, இல்லை ஃபேர்ம் பிள்ளைகளுக்கு மட்டும்தானா? எல்லாம் பொடி எழுத்தில் இருக்கிறது. பொயிலர்ப் பத்திரத்தை மூன்று தரம் படித்தவர் இதை ஒரு தரமும் படிக்கவில்லை. மாமி மட்டும், "டராமுக்கு ரயில்ல எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். கிங்ஸ் குரொஸிலிருந்து மூன்று மணித்தியாலம் என்றதும், "அப்ப கறி பழுதாப் போயிடும்" என்றார். அந்த வீட்டில் நடந்த ஒரே இடர் மதிப்பீடு அதுதான்.

ஓகஸ்ட் நடுவில் ஒரு வியாழக்கிழமை. காலை எட்டு மணி. ஏ, ஏ, ஏ. எந்த வீட்டிலும் பால் பொங்க வேண்டிய பெறுபேறு. ஏ ஸ்டார் மட்டும் வரவில்லை. வாரிக் மறுத்தது. டராம் வேறு கம்பஸ்தான், அதுவும் மறுத்தது.

மிஞ்சிய இடங்களை நிரப்பும் கிளியரிங் தொலைபேசியை மாமாவே எடுத்தார், கறுப்பு ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, இழப்பீடு கோரும் குரலில். மறுமுனையில் இருந்த பெண் பணிவாக, மாணவியோடுதான் பேச வேண்டும் என்றாள். மகள் வாங்கிப் பேசினாள். ஜூனில் கைவிட்ட அந்த மற்றது, மூன்று ஏ என்றதும் சந்தோசமாக இடம் கொடுத்தது. விடுதி மட்டும் பஸ் ஏறிப் போகும் தூரத்தில்.

ஒரு கிழமைக்குள் மாமா தேறிவிட்டார். கார்டியன் பட்டியல், டைம்ஸ் பட்டியல் இரண்டையும் துழாவி, மாணவர் மனநிறைவு என்ற நிரலில் அந்த மற்றது டராமுக்கு மேலே நிற்பதைக் கண்டுபிடித்தார். அதன் பெயரையும் முழுதாகச் சொல்லத் தொடங்கினார். "நாங்கள் விரும்பித்தான் எடுத்தது. பெரிய பேருக்குப் பின்னால ஓடக் கூடாது."

அடுத்த ஜூனில் பள்ளிக்கூட வாசலில் ஓர் இளம் தகப்பன் ஆலோசனை கேட்டார். மாமா அவரைத் தோளில் தட்டினார். "இன்சூரன்ஸ் எண்டா குறைஞ்ச கிரேட்டாத்தான் போடோணும் தம்பி. வீடு எரியுமெண்டே நாங்கள் காப்புறுதி எடுக்கிறம்?"

"நீங்கள் சொல்லுறது சரி அண்ணை," என்றார் தம்பி. "ஆனா எங்கட பிள்ளைக்கு அது தேவைப்படாது."