பாதி பலம் வாலிக்கு

வாலிகண்டபுரத்தில் வேறு எந்த வண்டியைப் பிரித்துப் போட்டாலும் ஒருவர் எட்டிப் பார்ப்பார், போய்விடுவார். அம்பாசடரைப் பிரித்தால் நாற்காலி போட்டு உட்காருவார்கள். ஐம்பதைத் தாண்டிய எவரும் ஏதோ ஒரு கல்யாணத்துக்கு அம்பாசடரில் பதினோராவது ஆளாக மடியில் உட்கார்ந்து போயிருப்பார். யோசனை சொல்ல அந்தத் தகுதி போதாதா?

என்னுடையது மார்க் 2. உள்ளே 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். இங்கிலாந்தின் மோரிஸ் வழி வந்தது. உத்தரபாரா ஆலையே 2014-இல் அம்பாசடர் போதும் என்று நிறுத்திவிட்டது. நான் முதன்முறையாக இன்ஜினை இறக்கத் துணிந்தது அதற்கப்புறம்தான். கம்பெனிக்கு வந்த ஞானம் எல்லோருக்கும் வந்துவிடுமா?

பிஸ்டன் மாற்றினேன், வால்வு மாற்றினேன் என்றால் நாலு பேர் மதிப்பார்கள். கேம் ஷாஃப்ட் புஷ்ஷுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிளாக்கின் வயிற்றுக்குள் மூன்று வளையங்கள். வெளியே எஃகு, உள்ளே ஒயிட் மெட்டல். முன்னால் பெரிது, நடுவில் கொஞ்சம் சிறிது, பின்னால் அதைவிடச் சிறிது. அப்படி இருந்தால்தான் ஷாஃப்ட் முன்பக்கமாக நுழைந்து கடைசிவரை போகும்.

“கிராங்க் ரெண்டு சுத்து சுத்துனா கேம் ஒரு சுத்து. பாதி வேகத்துல ஓடுறதுக்கு எதுக்குடா புது புஷ்ஷு?” என்றார் பெரியப்பா.

“தேஞ்ச புஷ்ஷுல ஆயில் ஒழுகிப் பிரஷர் எறங்கிரும் பெரியவரே” என்றார் மெக்கானிக் பாய்.

எங்கள் ஊர்க் கோயிலில் சிவனைப் பூசித்த வாலிக்கு, எதிரே நிற்பவர் பலத்தில் பாதி வந்துவிடுமாம். இந்த ஷாஃப்ட்டும் அந்த ரகம்தான். கிராங்க்கிடம் பாதி வேகத்தை வாங்கிக்கொண்டது. எதிரே நின்ற என்னிடம் பாதி பலத்தை. மிச்சத்தை வைத்துக்கொண்டு சுத்தியலைத் தூக்கினேன்.

“சுத்தியலப் பாக்காதீங்க, ஓட்டையப் பாருங்க” என்றார் பாய். புஷ்ஷில் எண்ணெய்க்கு ஓர் ஓட்டை, பிளாக்கில் ஓர் ஓட்டை. இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். விலகினால் புஷ்ஷுக்குப் பட்டினி. விளிம்பில் மார்க்கரால் கோடு போட்டு, படி வைத்துக் கடைந்த உருளையைக் கொடுத்துத் தட்டத் தட்ட, புஷ் முனகிக்கொண்டே இறங்கியது. பாய் பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை ஓட்டைக்குள் விட்டார். தடங்கல் இல்லாமல் போனது. அதைப் பார்க்க எழுந்து வந்த பெரியப்பா, ஒன்றும் தெரியாமலே “கரெக்ட்” என்று சான்றிதழ் கொடுத்தார்.

அதோடு முடியவில்லை. இறுக்கி அடித்ததில் புஷ்ஷின் உள்வாய் சுருங்கியிருக்கும். மூன்றையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் விட்டு, ஷாஃப்ட்டுக்கு ஒன்றிலிருந்து இரண்டு தௌ இடைவெளி வைக்க வேண்டும். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்காக பிளாக்கைத் திருச்சி லேத்துக்கு டாடா ஏஸில் ஏற்றினோம். வழியில் மறித்த பழைய இரும்புக்காரர் கிலோ என்ன விலை என்று கேட்டார்.

திரும்பி வந்த பிளாக்கில் ஷாஃப்ட் இரண்டு விரலுக்குச் சுற்றியது. எல்லாம் பூட்டி, ராக்கர் கவரைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் செய்தோம். எண்ணெய் மேலே ஏறி ராக்கரெல்லாம் பளபளத்தது. கூட்டத்தில் ஆளாளுக்கு “நான் சொன்னேன்ல” என்றார்கள்.

பெரியப்பா மட்டும் கணக்கில் இருந்தார். “பாதி வேகத்துல சுத்துறதுக்கே இவ்ளோ செலவுன்னா, முழு வேகத்துல சுத்துற கிராங்க்குக்கு எவ்ளோடா ஆச்சு?”

பாய் வேலை சுத்தம். இன்ஜின் சத்தமே இல்லாமல் ஓடியதால், கேள்வி அடுப்படிவரை தெளிவாகக் கேட்டது.