பரீட்சைத் தாளும் முறைப்பாட்டுப் புத்தகமும்

இலங்கையர் ஒருவர் முதன்முதலாகப் பொலிஸ் மா அதிபரானது 1947இல். அவர் எங்கள் மாத்தளை அலுவிகாரையைச் சேர்ந்த சேர் ரிச்சர்ட் அலுவிகார. கான்ஸ்டபிளாகச் சேர்ந்து படிப்படியாக மேலே போனவர் அல்லர். சிவில் சேவையிலிருந்து நேரே பொலிஸ் தலைமைக்கு வந்தவர். பொலிஸில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதும் அவர் காலத்தில்தான். சின்ன வயதில் அலுவிகாரைக் குகை விகாரையைத் தாண்டி பஸ் போகும்போதெல்லாம், "ஒரு ஐ.ஜி.பி.யைக் குடுத்த ஊரு இது" என்று அண்ணன் காட்டுவார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

அந்தச் சிவில் சேவைக்கு வெள்ளைக்காரர்கள் லண்டனில் பரீட்சை எழுதினார்கள். கேம்பிரிட்ஜில் கிரேக்கமும் லத்தீனும் படித்த லியனார்ட் ஊல்ஃப், 1904இல் அந்தப் பரீட்சையில் எதிர்பார்த்த இடம் கிடைக்காமல்தான் இலங்கைக்கு வந்தார். இங்கே யாழ்ப்பாணக் கச்சேரியில் அவருக்கு இன்னொரு பரீட்சை காத்திருந்தது. சட்டமும் கணக்கும் மட்டுமல்ல, ஊர் மொழியிலும் சித்தியடைய வேண்டும். அவர் தமிழ் படித்தார், பிறகு சிங்களமும் படித்தார். ஆள வந்தவர்கள் தங்கள் வசதிக்காக வைத்த விதிதான். ஆனாலும் குடிமகன் பேசுவது அதிகாரிக்கு விளங்க வேண்டும் என்பதை அவர்கள் ஒரு தாளாகவே வைத்திருந்தார்கள் என்பது சின்ன விஷயமில்லை.

1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானது. அதற்கு எட்டு வருடம் முன்பே, 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிவிட்டது. மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்து, கோப்பித் தோட்டம் போட்டவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். ரத்தோட்டைப் பக்கம் லயத்தில் பிறந்தோம்.

1980 வாக்கில் நடந்தது இது. எங்கள் பெரியம்மாவின் ஆடு காணாமல் போனது. பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போனபோது அண்ணன் துணைக்குப் போனார், நானும் ஒட்டிக்கொண்டேன். பெரியம்மா தமிழில் சொன்னார், அண்ணன் சிங்களத்தில் சொன்னார், சார்ஜன் புத்தகத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் பெரியம்மாவின் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தப் போனார்கள். அண்ணன் குனிந்து வாசித்துவிட்டு, "ராலாமி, சினை ஆடுன்னு எழுதலியே" என்று மெதுவாகச் சொன்னார். பெரியம்மாவுக்கு அதுதான் முக்கியம். அது ரெட்டைக் குட்டி போடும் ஆடு. மார்கழியில் குட்டிகளை விற்றுத்தான் கடன் கட்டுவார். சார்ஜன் நல்ல மனிதர், முகம் சுளிக்காமல் ஓரத்தில் சேர்த்து எழுதினார். அண்ணன் போகாதிருந்தால் பெரியம்மா எதற்குக் கைநாட்டு வைத்தோம் என்று தெரியாமலே வீடு திரும்பியிருப்பார். மாவட்டம் முழுக்க எத்தனை பேர் அப்படித் திரும்பினார்களோ!

அண்ணனுக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் நன்றாக வரும். தோட்டத்து மனுக்களையெல்லாம் அவர்தான் எழுதுவார். உத்தியோக அறிவித்தல் வரும் வர்த்தமானியை டவுனில் யாரிடமாவது வாங்கிவந்து சிமினி விளக்கடியில் விரிப்பார். தகைமைகளின் முதல் வரியிலேயே, விண்ணப்பிப்பவர் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும் என்று இருக்கும். அதற்கு மேல் வாசிக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர் கடைசி வரை வாசிப்பார். பிறகு ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்குப் போனார். அங்கேயும் தேயிலைத் தோட்டம்தான்.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் எங்களில் பலருக்குப் பிரஜாவுரிமை வந்தது. மிச்சமிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. இன்று உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் பதவிக்கான திறந்த போட்டிப் பரீட்சையைத் தோட்டத்துப் பட்டதாரி ஒருவர் தமிழிலேயே எழுதலாம். மாத்தளையில் நான் நடத்தும் வகுப்புக்கு இப்படியான போட்டிப் பரீட்சைகளுக்குப் படிக்கும் பிள்ளைகள் உக்குவளையிலிருந்தும் எல்கடுவையிலிருந்தும் வருகிறார்கள். நுண்ணறிவுக்கு எண் தொடர், உருவத் தொடர். பொது அறிவுக்கு நாட்டு நடப்பு, உலக நடப்பு. பிறகு கிரகித்தல், கட்டுரை. சித்தியடைந்தால் உயரமும் மார்பும் அளப்பார்கள், நேர்முகப் பரீட்சை வைப்பார்கள். எண் தொடரில் எங்கள் பிள்ளைகள் புலிகள். கட்டுரையில்தான் கொஞ்சம் தள்ளாட்டம்.

சேவைக்குள் போனவர்களையும் பரீட்சை விடாது. பதவி நிரந்தரத்துக்கும் உயர்வுக்கும் வினைத்திறன்காண் தடைதாண்டல் இருக்கிறது. ஒரு பொலிஸ் அதிகாரி தெரிந்திருக்க வேண்டிய சட்டங்கள் பெரும்பாலும் பழையவை: 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம். அவற்றோடு 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை.

இந்தக் கடைசிச் சட்டத்தின் 109ஆம் பிரிவைத்தான் நான் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வாய்மொழியாக வரும் முறைப்பாட்டை, கொடுப்பவரின் மொழியில் எழுதி அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது அது. முடியாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் வழி சொல்கிறது. அண்ணன் அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று செய்தது இதைத்தான். அப்போதே சட்டம் இருந்தது. அதைச் செய்யக்கூடியவரும் வாசலில் நின்றார். ஆனால் உத்தியோகம் அவருக்கு இல்லை என்று இன்னொரு சட்டம் சொல்லிவிட்டது. இத்தனை வருடம் போயும் அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

2007இலிருந்து, புதிதாக அரச சேவைக்கு வருபவர்கள் குறித்த காலத்துக்குள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. நல்லது. ஆனால் உயர் அதிகாரி ஆகப்போகிறவரை, தோட்டத்து அம்மா ஒருவர் முன் உட்காரவைத்து, அவர் சொல்வதைக் கேட்டு எழுதி வாசித்துக் காட்டச் சொல்லும் தாள் ஒன்றும் வேண்டும் என்பது என் கருத்து. அப்படி ஒன்று வரும்வரை நாங்களே வகுப்பில் வைத்துக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பிள்ளை லயத்துத் தமிழில் முறைப்பாடு சொல்லும், இன்னொன்று எழுதும், மூன்றாவது அதைச் சிங்களத்தில் பெயர்த்து இரண்டையும் உரக்க வாசிக்கும். சொன்ன பிள்ளை "சரி" என்று தலையாட்டினால்தான் கையெழுத்து.