வாயைத் திறக்கும் முன்

என் பெரியப்பா காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பல் வைத்தியம் ரொம்பச் சுருக்கம். "எது?" என்பார் டிரசர். விரலால் காட்டினால் போதும், பல் கையோடு வந்துவிடும். ஒரு முறை தவறிப்போய்ப் பக்கத்துப் பல் வந்துவிட்டதாம். "பரவால்ல, நாளைக்கு இதுவும் வலிக்கத்தான் போகுது" என்று சமாதானம் சொல்லிவிட்டு, காட்டிய பல்லையும் எடுத்தாராம். இரண்டுக்கும் காசு கிடையாது. ஆகவே வேண்டாத வைத்தியம் எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. பில்தான் புதிது.

புந்தோங்கில் வாங்கிய முறுக்கைக் கடித்தபோது எனக்குக் கடைவாயில் சுருக்கென்றது. எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்தவர்கள் வளர்த்த கச்சாங் பூத்தே என்கிற கடலை, முறுக்குத் தொழிலால் ஈப்போவுக்கு நல்ல பேர். பல் டாக்டர்களுக்கும் அதில் ஏதோ பங்கு இருக்கவேண்டும். எங்கள் லகாட்டிலிருந்து மெங்லெம்பு தாண்டி, ஈப்போவில் குளுகுளுவென்றிருந்த ஒரு கிளினிக்குக்குப் போனேன். எந்தப் பல் என்று யாரும் கேட்கவில்லை. "கம்பெனி பேனலா அங்கிள், சொந்தக் காசா?" என்றது கவுண்டர் பெண். பேனல் என்றதும், "இந்த வருஷ லிமிட் எவ்வளவு மிச்சம்?" என்றது. பாதி நோயை அங்கேயே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நாற்காலியில் சாய்த்தார்கள். எதிரே திரையில் என் கடைவாய்ப்பல், எங்கள் ஊர்ப் பழைய ஈயலம்பக் குட்டை மாதிரி அகன்று ஆழ்ந்து தெரிந்தது. இவ்வளவு பெரிதாக்கினால் மகாலட்சுமியின் பல்லிலும் ஓட்டை தெரியும். டாக்டர் இளைஞர், பவ்வியமானவர். அடுக்கிக்கொண்டே போனார். முறுக்குப் பல்லுக்கு ரூட் கேனல், அதன்மேல் கிரவுன். பழைய பாதரச அடைப்புகளையெல்லாம் தோண்டிவிட்டு வெள்ளை அடைப்பு. சும்மா கிடந்த ஞானப்பல்லுக்கு ஆபரேஷன். கோப்பிக் கறைக்கு வெளுப்பு. நான் "ஆ... ஆ..." என்றேன். கண்ணாடியும் உறிஞ்சுகுழாயும் வாய்க்குள் இருக்கும்போது தமிழில் மறுப்புக்கும் சம்மதத்துக்கும் அந்த ஒரே எழுத்துதான். நர்ஸ் அதைச் சம்மதக் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

மொத்தம் மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளி. "லிமிட் போக மிச்சத்தை வருமான வரியில கழிச்சிக்கலாம் அங்கிள்" என்றது கவுண்டர். 2024 வரியாண்டு முதல் பல் சிகிச்சைக்கு ஆயிரம் வெள்ளி வரை விலக்கு உண்டு, உண்மைதான். ஆனால் வரி வாரியம் அந்த ஆயிரத்தைத் திருப்பித் தராது. வருமானத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லும். என் சம்பளத்துக்கு அதனால் மிஞ்சுவது சில பத்து வெள்ளி.

என் மனைவிதான் கூட வந்திருந்தாள். அவள் வாயில் குழாய் ஏதும் இல்லை. "எக்ஸ்ரே படத்த குடுங்க. இதுல எது இன்னிக்கே செய்யணும், எது செய்யலன்னா என்ன ஆகும்? ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவுன்னு தனித்தனியா எழுதிக் குடுங்க." கவுண்டர் பெண் டாக்டரைப் பார்த்தாள், டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். தனியார் கிளினிக்குகளுக்கான 2006-ஆம் ஆண்டு விதிகளின்படி, கேட்டால் உத்தேசக் கட்டணத்தையும் விவரமான பில்லையும் தந்தாகவேண்டும். என் மனைவிக்கு அந்த விதியெல்லாம் தெரியாது. மீன் சந்தையில் பழகியவள். தாளில் எழுதும்போதே ஞானப்பல்லும் வெளுப்பும் "அப்புறம் பாத்துக்கலாம்" ஆகிவிட்டன.

டாக்டரைத் திட்ட மனம் வரவில்லை. அந்த நாற்காலிக்கும் திரைக்கும் அவர் மாதாமாதம் தவணை கட்டுகிறாரோ என்னவோ. இது ஈப்போவுக்கு மட்டும் உள்ள வியாதியும் இல்லை. 1997-இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகைக்காக வில்லியம் எக்கன்பார்கர் என்ற நிருபர் அமெரிக்காவின் 28 மாநிலங்களில் 50 பல் டாக்டர்களிடம் தன் ஒரே வாயைக் காட்டினார். ஒருவர் சொன்ன செலவு சுமார் 500 டாலர், இன்னொருவர் சொன்னது ஏறக்குறைய 30,000. பாதரச அடைப்பு நல்ல நிலையில் இருந்தால் வீணாகப் பிடுங்காதீர்கள் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2020-இல் சொல்லிவிட்டது. தொந்தரவு தராத ஞானப்பல்லை விட்டுவிடலாம் என்று இங்கிலாந்தின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டல் அமைப்பு 2000-த்திலேயே சொன்னது.

அங்கே எதையும் செய்துகொள்ளாமல், எக்ஸ்ரேயோடு அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போனோம். பதிவுக்கு ஒரு வெள்ளி. காத்திருப்புக்கு மட்டும் கணக்கில்லை. எனக்கு முன்னால் இருந்த மலாய்க்காரப் பாட்டி தன் பேரன்பேத்திகளின் படிப்பு முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார். டாக்டரம்மா தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். "ஓரம் உடைஞ்சிருக்கு, அடைச்சிடலாம். மத்தது நல்லா இருக்கு. முறுக்க ஊறவச்சிச் சாப்பிடுங்க." ஊறின முறுக்கை மனுஷன் தின்பானா என்று கேட்க நினைத்தேன். வாயில் பஞ்சு.

அன்றிலிருந்து சொந்தக்காரர் பல்லெல்லாம் என் மனைவியின் இலாகா. போன வாரம் மச்சினர் மகள் வந்தாள், கம்பி போடவேண்டுமாம். கிளினிக்கில் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள், இன்ஸ்டாகிராமில் ஒருத்தி முந்நூறு வெள்ளிக்கு வீட்டுக்கே வந்து போட்டுவிடுகிறாளாம். 2017-இல் மலாக்காவில் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு கம்பி போட்ட பெண்ணுக்கு 70,000 வெள்ளி அபராதம் விதித்த கதையைச் சொன்னேன். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிந்தவரா என்று பார்க்கவேண்டும், அந்த டாக்டர் பேர் என்ன என்று கேட்டேன்.

"பேரெல்லாம் போடல மாமா. ஆனா பன்னிரண்டாயிரம் ஃபாலோவர்ஸ் இருக்காங்க."