காணொளிப் பயிற்சித் தேர்வியல்

பாயிரம்

மாணவனே, அமர்க. பாயிரம் கேளாமல் நூலுள் புகுவது, உடலை வெதுப்பாமல் எடை தூக்குவது போன்ற குற்றம். நன்னூலார் எண்ணிய 11 பாயிர உறுப்புகளையும் முறைப்படி உரைப்போம்.

ஆக்கியோன் திருப்பருத்திக்குன்றத்தான், பெயர் கூறல் அடக்கத்துக்கு இழுக்கு. வழி, சார்புநூல். எல்லை, வடக்கே காஞ்சி, தெற்கே பாலாறு. கிழக்கும் மேற்கும் அலைபேசி அலை எட்டும் அளவு. நூற்பெயர் மேலே உள்ளது. யாப்பு, நடக்கக் கற்றபின் கற்கத்தக்கது. நுதலிய பொருள், உடலோம்பும் காணொளிகளுள் ஒன்றைத் தேர்தலும், தேர்ந்ததன் மேன்மை குறித்து வழக்காடலும். கேட்போர், மாடிப்படியில் பாதிவழி நின்று கடைத்தெருவை நோக்குவது போல மூச்சு வாங்குவோர். பயன், அங்ஙனம் நில்லாது ஏறுதல். காலம், வலையொளி தோன்றிய 2005-க்குப் பின். களம், திருப்பருத்திக்குன்றத்துத் தேநீர்க்கடை. கரணியம், ‘உடற்பயிற்சி செய்க’ என்று மருத்துவர் ஒரு சொல் கூற, அலைபேசி அதற்குப் பல்லாயிரம் பொருள் காட்டியமை.

பகுத்தெண்ணல் இவ்வூர்க்குப் புதிதன்று. சமணக் காஞ்சி எனப் பெயர் பெற்றது இது. மேருமந்தர புராணம் இயற்றிய வாமன முனிவர் வாழ்ந்த இடம். விசயநகரத்து அமைச்சர் இருகப்பர் 14ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மண்டபம் இன்றும் நிற்பது. நன்னூல் செய்த பவணந்தியாரும் சமணரே. ஆகவே நாமும் எண்ணுவோம்.

இயல் 1: காட்டுநர் வகை

காணொளியில் தோன்றிப் பயிற்சி காட்டுவோர் காட்டுநர் எனப்படுவர். அவர் ஐவகையர்: முழக்குநர், முறுவலர், சான்றர், தொன்மைமீட்பர், எண்ணளப்பர்.

1.1 முழக்குநர். நம் வீட்டில் நம்மையே அதட்டுவோர். இவர் ஏறெண்ணர், இறங்கெண்ணர் என இரு பிரிவினர். ஏறெண்ணர் ஒன்றில் தொடங்கிப் பத்தில் முடிப்பர். இறங்கெண்ணர் பத்தில் தொடங்கி மூன்றை அடைந்ததும் நின்று, வாழ்வில் வெல்வது எப்படி என்று உரையாற்றி, மீண்டும் மூன்றிலிருந்து எண்ணுவர். இவ்விடைவெளி ‘மூன்றின் நீட்டம்’ எனப் பெயர் பெறும். அதற்கு மாத்திரை வரையறை இல்லை.

1.2 முறுவலர். தொடக்கம் முதல் இறுதி வரை வியர்வாது முறுவலிப்போர். கடற்கரை முறுவலர், கூடத்து முறுவலர் என இவரும் இருவர். கூடத்து முறுவலரின் கூடத்தில் தறி இல்லை, பாவு இல்லை, இராட்டை இல்லை, குறுக்கே நடக்கும் பாட்டியும் இல்லை. அவர் கூறியபடி, தறியுள்ள இவ்வூர் வீட்டில் இரு கைகளையும் விரித்தால் ஒன்று தறிக்கம்பத்தில் இடிக்கும். மற்றொன்று பாட்டியின் காப்பித் தம்ளரைத் தட்டும். எனவே முறுவலரைத் தேர்வோன் முதலில் தன் கூடத்தை முழம்போட்டு அளக்க.

1.3 சான்றர். முதுகெலும்பின் உருவைக் கையில் ஏந்தி, 9 மணித்துளி ஏன் என்று விளக்கி, 1 மணித்துளி எப்படி என்று காட்டுவோர். மெய்ச்சான்றர், வெண்மேலாடைச் சான்றர் என இருவகையர். இருவரையும் பிரித்தறியும் உரைகல் ஒன்றே. இப்பயிற்சியை யார் செய்யலாகாது என்பதை மெய்ச்சான்றர் முதலில் கூறுவார். மற்றவரோ ‘எல்லாரும் செய்க’ என்பார். பின்னர் ஒரு மாவுப்பொடியின் பெயர் கூறுவார்.

1.4 தொன்மைமீட்பர். முன்னோர் செய்ததை முன்னோர் பெயரால் காட்டுவோர். இவர்தம் பொருள் இருவகைத்து. முதலாவது நின்ற தொன்மை: தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, சிலம்பம் போல்வன. இரண்டாவது சென்றுமீண்ட தொன்மை. பிள்ளையார்முன் செவிபற்றிக் குந்தியெழும் தோப்புக்கரணத்தைப் பிலிப்பைன்சு நாட்டுச் சோவா கோக் சூயி ‘சூப்பர்பிரெய்ன் யோகா’ என்று பெயரிட்டுப் பரப்பினார். வீட்டுக்கணக்கு எழுதாமைக்காகப் பள்ளியில் அதனை ஒறுப்பாகப் போட்டவர், இன்று அதனையே மூளைவளத்துக்காகக் காணொளி கண்டு போடுகின்றனர். செயல் ஒன்று, பயன் இரண்டு.

1.5 எண்ணளப்பர். இவர் மாந்தர் அல்லர். செயலியும் கைக்கடிகாரமும் ஆவர். நாளொன்றுக்கு 10,000 அடி என்பது இவர்தம் முதல் நூற்பா. அவ்வெண் ஆய்வில் பிறந்ததன்று. 1965-இல் சப்பானில் விற்பனைக்கு வந்த ‘மான்போ-கெய்’ என்னும் அடியெண்ணியின் பெயரில் பிறந்தது. அப்பெயரின் பொருளே பத்தாயிரம் அடி அளவி. மணிக்கட்டில் கட்டும் கருவி கையசைவைக் காலடியென மயங்குவதும் உண்டு. அதனைக் கட்டிக்கொண்டு நாடாக்கயிற்றை இழுக்கும் நெசவாளர், குழியை விட்டு எழாமலே வாலாசாபாத் வரை சென்று வந்தவராகக் கொள்ளப்படுவார்.

இயல் 2: திட்ட வகை

பொழுதின் அடிப்படையில் பயிற்சித் திட்டம் நான்கு: நொடிப்பொழுது, சிறுபொழுது, பெரும்பொழுது, நில்பொழுது.

2.1 நொடிப்பொழுது. சப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டா குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வின் வழி வந்தது. 20 நொடி உழைப்பு, 10 நொடி ஓய்வு, 8 முறை. ஆக 4 மணித்துளி. ஆய்வில் பங்கேற்றோர் நிலைமிதிவண்டியில் இனி ஒரு மிதிக்கும் ஆற்றல் இல்லை என்னும் அளவுக்கு மிதித்தனர். நம்மவர் இதிலிருந்து 4 மணித்துளியை எடுத்துக்கொண்டு ஆற்றல் தீர்தலை விட்டனர். இக்குற்றம் ‘பொழுதுகொண்டு உழைப்பு விடல்’ எனப்படும்.

2.2 சிறுபொழுது. 1950-களின் பிற்பகுதியில் கனடா நாட்டு வான்படை தன் வீரர்க்கு வகுத்த ‘5பிஎக்சு’ இதற்குச் சான்று. 5 பயிற்சி, 11 மணித்துளி. மகளிர்க்கு வகுத்தது 10 பயிற்சி, 12 மணித்துளி. கருவி எதுவும் வேண்டாமை இதன் சிறப்பு. விற்பதற்குக் கருவி எதுவும் இல்லாமையால் இதனைப் புகழ்வார் அருகினர்.

2.3 பெரும்பொழுது. அமெரிக்க நாட்டுப் ‘பி90எக்சு’ போல்வது. 90 நாள், நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இவ்வகைத் திட்டத்தின் முதல் நாளை அறிந்தோர் இவ்வூரில் பலர். தொண்ணூறாம் நாளை அறிந்தோரை யாம் தேடி வருகிறோம்.

2.4 நில்பொழுது. கைகளை உடலில் படாமல் தொங்கவிட்டு, அசையாது நிற்றல். சமணர் இதனைக் காயோற்சர்க்கம் என்பர். பாகுபலி இந்நிலையில் ஓராண்டு நிற்க, கொடிகள் காலைச் சுற்றிப் படர்ந்தன என்பது சமண வழக்கு. இதற்குக் கட்டணம் இல்லை, விரிப்பு இல்லை, பின்னணி இசை இல்லை. ஆதலின் தேநீர்க்கடையில் இதனை இன்றுவரை எவரும் முன்மொழிந்திலர்.

இயல் 3: காண்போர் வகை

நன்னூலார் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூன்றாக்கி, எட்டு உவமையால் விளக்கினார். அவ்வெட்டும் காணொளி காண்போர்க்கு ஒரு குறையும் இன்றிப் பொருந்தும்.

3.1 தலையானவர் இருவர். அன்னம்: அரைமணிக் காணொளியில் விளம்பரத்தையும் உரையையும் நீக்கி, பயிற்சியை மட்டும் கொள்வோர். ஆ: ஒருமுறை கண்டு, நாள்முழுதும் அசைபோட்டு, மறுநாள் செய்வோர்.

3.2 இடையானவர் இருவர். மண்: காட்டுநர் எவ்வளவு உழைத்தாரோ அவ்வளவே விளைவோர். கிளி: காட்டுநர் இருமினால் தாமும் இருமுவோர்.

3.3 கடையானவர் நால்வர். இல்லிக்குடம்: ‘நேற்று எந்தக் காலை முதலில் தூக்கினேன்?’ என்போர். ஆடு: திங்களன்று ஓகம், செவ்வாயன்று எடை, புதனன்று குத்துச்சண்டை என ஒவ்வொரு தழையிலும் ஒரு வாய் மேய்வோர். எருமை: கருத்துப் பகுதியைக் கலக்கிப் பிறரையும் பயிலவிடாதோர். நெய்யரி: பயிற்சியை ஒழுகவிட்டு, காட்டுநர் அணிந்த காலணியின் விலையைப் பற்றிக்கொள்வோர்.

3.4 நன்னூலார் காலத்தில் இல்லாத ஒருவகையை இங்கே சேர்க்கிறோம். படுத்துக்கொண்டு பார்ப்போர். இவர்க்கு உவமை இன்னும் கிடைத்திலது.

இயல் 4: சொற்போர் வகை

4.1 கட்சிகள் மூன்று: எடையர், ஓட்டர், ஓகர். எடை தூக்காதவன் எலும்பு மெலிவான் என்பர் எடையர். 2023-இல் தமிழ்நாட்டு அரசே மாவட்டந்தோறும் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 8 கிலோமீட்டர் வழி வகுத்திருக்க, இரும்பு எதற்கு என்பர் ஓட்டர். ஓகர் மூச்சை அடக்கியிருப்பதால் விடை கூறார்.

4.2 இவர் கையாளும் அளவைகள் மூன்று. முதலாவது மைத்துனன் அளவை: “எங்க மச்சான் செஞ்சாரு, கொறஞ்சுது.” இரண்டாவது முன்பின் அளவை: இரு ஒளிப்படம் காட்டல். முற்படத்தில் விளக்கும் மங்கும், வயிறும் தளரும். பிற்படத்தில் இரண்டும் சீர்படும். மூன்றாவது கடல்கடந்த அளவை: “வெளிநாட்டுலேயே சொல்லிட்டான்.”

4.3 நீலகேசி என்னும் சமண நூலில் வாதில் தோற்றவர் தம் தோல்வியை ஒப்புவர். தேநீர்க்கடையில் அம்மரபு இல்லாமையால், சமணரின் எழுநிலை மொழிதலைக் கையாளுதல் தகும். ‘எட்டு வடிவில் நடந்தால் முதுகுவலி தீரும்’ என்னும் கூற்றை எடுத்துக்கொள்.

ஒன்று, ஒருவகையால் தீரும்: நடவாதிருந்தவன் நடந்தமையால்.

இரண்டு, ஒருவகையால் தீராது: நடந்தபின் பொழுதெல்லாம் தறியில் குனிந்திருந்தமையால்.

மூன்று, தீரும், தீராது: காலையில் தீரும், மாலையில் தீராது.

நான்கு, சொல்லொணாது: அவன் நடந்தானா என்பதை அவன் மனைவி அறிவாள்; அவள் தேநீர்க்கடைக்கு வருவதில்லை.

ஐந்து, தீரும், சொல்லொணாது: வலி தீர்ந்தது, நடையாலா, அவள் தேய்த்துவிட்ட எண்ணெயாலா என்பது விளங்காது.

ஆறு, தீராது, சொல்லொணாது: வலி உண்டு, ஊசிக்கு அஞ்சி அவன் வாய்திறவான்.

ஏழு, தீரும், தீராது, சொல்லொணாது: சேலை அறுத்துக் கூலி வாங்கும் நாளில் தீரும்; மறுபாவு ஏற்றும் நாளில் தீராது; இடைப்பட்ட நாளில் நின்று எண்ணிப்பார்க்கப் பொழுதில்லை.

இயல் 5: தறியார்க்கு ஒழிபு

மேற்கூறியவற்றுள் அடங்காதது ஒன்று உளது. காட்டுநர் அனைவரும் நாற்காலியில் அமர்ந்தோர்க்கே பயிற்சி வகுத்தனர். குழித்தறியில் அமர்ந்தோரின் உடல் வேறு. கால் குழியுள் மிதிமேல், ஒரு கை நாடாக்கயிற்றில், மறுகை பலகையில், கண் இழைமேல், கழுத்தும் முதுகும் முன்வளைந்து. கோர்வைப் பட்டில் கரைக்கு நாடா கொடுக்கும் துணையாள் ஒருபக்கத்தே அமர்வதால், அவர் உடலின் ஒருபக்கமே மிகுதியும் உழைக்கும்.

இவர்க்கு முழக்குநர் ஏவும் வயிறுமடிப்புப் பயிற்சி, வளைந்ததை மேலும் வளைப்பது. மார்பு விரித்தல், தோளைப் பின்னிழுத்தல், முதுகு நிமிர்த்தல், இடுப்பின் முன்பக்கம் நீட்டல் ஆகிய நான்கும் முதலிடம் பெறுக. துணையாள் உழையாத பக்கத்தையும் உழைப்பிக்க. மரத்துப்போதலோ காலில் இறங்கும் வலியோ உடையவர் காணொளியை மூடிவிட்டு மருத்துவரிடம் செல்க. காணொளி தேடுங்கால் ‘முதுகுவலி’ என்று மட்டும் எழுதாது ‘தரையில் குனிந்து அமரும் தொழில்’ என்பதையும் சேர்த்து எழுதுக.

முடிபு

உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறி இது: வளர்ந்தோர்க்குக் கிழமைக்கு 150 முதல் 300 மணித்துளி நடுத்தர உழைப்பு, அல்லது 75 முதல் 150 மணித்துளி கடும் உழைப்பு; அதனுடன் 2 நாளேனும் தசை வலுப்படுத்தும் பயிற்சி. எக்காட்டுநர், எத்திட்டம், எவ்விரிப்பு என்று அந்நெறி கூறவில்லை. ஐவகைக் காட்டுநருள் எவரைக் கொண்டும், நால்வகைத் திட்டத்துள் பெரும்பாலானவற்றைக் கொண்டும் அவ்வளவை நிரப்பலாம். தேர்தலும் வழக்காடலும் அவ்வளவில் ஒரு மணித்துளியாகவும் எண்ணப்படா.

ஆதலின் மாணவனே, துணிபு உரைக்கிறோம். ஒரு காட்டுநர், ஒரு திட்டம், மூன்று திங்கள். அதுவரை வேறு காணொளி காணற்க. தேநீர்க்கடையில் கட்சி சேரற்க. இந்நூலை மறுக்க விரும்புவோர் அம்மூன்று திங்களும் பயின்றபின் தம் மறுப்பை எழுதி வருக. அதற்கு முன் வரும் மறுப்பு ஏற்கப்படாது.